ஐப்பசியில் நட்ட வெருளி

நான் தாவரவியல் படிப்பித்தவன். இதை முதலே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட நானே சொல்வது கொஞ்சம் மரியாதை. ஊரில் ஏலெவல் வகுப்புப் பிள்ளைகளுக்கு, குளிர் நாட்டு மரங்கள் ஏன் இலை கொட்டுகின்றன என்று கரும்பலகையில் படம் கீறி, இலைக்காம்பின் அடியில் மெல்லிய படை ஒன்று உண்டாகி இலையைக் கழற்றிவிடுகிறது என்று நீட்டி முழக்கியிருக்கிறேன். பல்லாண்டுத் தாவரம் என்றால் என்ன என்ற கேள்விக்கு, மேலே பட்டுப்போனாலும் நிலத்துக்குக் கீழே உயிரோடு இருக்கும் என்று எழுதாத பிள்ளைக்குப் புள்ளி வெட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட பண்டிதன்தான் லண்டனில் ஒரு பியோனிச் செடிக்கு முன்னால் குந்தியிருந்து, மீன்தலையை மண்ணுக்குள் தாட்டு, கண்ணூறுக்கு நாவூறு கழித்து, கடைசியில் வெருளியும் கட்டினவன்.

அந்த வீட்டை வாங்கியது எண்பதுகளின் கடைசியில். லூயிஷாமிலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம். இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு தெரு. அதற்கு முதல் ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை. நான் இந்த நாட்டுக்கு வந்து சில வருஷமாகியிருந்தது. பெற்றோல் ஸ்ரேசனில் வேலை. மனைவி ஊரிலிருந்து கொழும்பு வழியாக வந்து சேர்ந்தது அந்த வருஷத் தை மாதம்தான். ஷெல்லடிக்கும் பங்கருக்கும் நடுவிலிருந்து வந்தவள். வந்த நாள் தொடக்கம் கதை குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு.

அவளுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு அண்ணை. ரொறன்ரோவில் இருந்தார். ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுப்பார். "தங்கச்சி, இஞ்சை வந்திடு. பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கு. மச்சானுக்கும் ஒரு வேலை பாத்து வைச்சிருக்கிறன்." என்னிடம் ஒரு சொல் கேளாமலே எனக்கு வேலை பார்த்து வைத்த மனிசன்! அதுவும் தன்ரை கடையிலேயே, தனக்குக் கீழே. நான் முட்டி மோதி இந்த நாட்டில் விசா எடுத்து, வேலை எடுத்து, கடைசியில் மச்சானின் நிலவறையில் குடியிருந்து மச்சானிடமே சம்பளம் வாங்கவோ? ரோசம் எனக்கு மூக்கு நுனியில். ஆனால் அவளுக்கு அண்ணை என்றால் உயிர். அதுவும் எனக்குத் தெரியும்.

வீடு பார்க்கப் போனது ஆனி மாதம். வீட்டைக் காட்ட வந்தவன் ஹீட்டரையும் கூரையையும் பற்றிக் கதைத்துக்கொண்டே போனான். மனைவி குசினி ஜன்னலை விட்டு அசையவில்லை. பின்வளவில் பியோனி ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் முகமளவு பூத்திருந்தது. வேலியோரம் ரோசா. ஒரு மூலையில் ஹைட்ரேஞ்சியா நீலமாகக் கட்டத் தொடங்கியிருந்தது. அங்கேயிருந்த கிழவி அவ்வளவையும் வைத்து வளர்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் மகளோடு இருக்கப் போகிறாளாம். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு வருஷம் பாப்பம். இந்த வளவு எனக்குப் பிடிச்சுக்கொண்டால் இருப்பம். இல்லாட்டி வித்துப்போட்டு அண்ணையிட்டைப் போவம்."

சரி என்றேன். அந்த நாளிலிருந்து அந்தச் செடிகள்தான் எனக்காக வழக்குப் பேசுகிற வக்கீல்கள்.

ஆடிக்குள் சாவி கைக்கு வந்தது. மிச்சக் கோடை முழுக்க வக்கீல்மார் வென்றுகொண்டேயிருந்தார்கள். அவள் விடியக் காலமை குளித்துவிட்டு ஒரு தட்டோடு வளவுக்குள் இறங்குவாள். சாமிப் படத்துக்குப் பூ. தட்டு நிரம்பி வழியும். பிள்ளையாருக்கு ஹைட்ரேஞ்சியா வைத்த முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்கும். ஒரு பூங்கொத்துக்குப் பின்னால் அவருடைய தும்பிக்கை மட்டும்தான் தெரியும். நான் அந்தத் தட்டைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போடுவேன். தட்டு நிரம்பினால் லண்டன்.

புரட்டாதியில் தட்டு அரைவாசியானது.

முதலில் பியோனி. இலையெல்லாம் செப்புக்குடம் விளக்கினதுபோல ஒரு நிறத்துக்கு வந்தது. வடிவுதானே என்று நானும் நின்று பார்த்தேன். அடுத்த கிழமை அது மண்ணிறம். அதற்கடுத்த கிழமை தண்டுகள் மடங்கி நிலத்தில் படுத்துவிட்டன. அகல இலைச் செடி ஒன்று நிழலுக்குள் நின்றது, பெயர் இன்றைக்கும் வாயில் வராது. அது ஒரு குளிரிலேயே, தணலில் வாட்டின வாழையிலைபோலத் துவண்டு ஒட்டிப்போயிற்று. ஹைட்ரேஞ்சியாவின் நீலம் முதலில் பச்சையாகி, பிறகு தோய்த்துத் தோய்த்துச் சாயம்போன சீலைபோல ஆகி, காய்ந்து சரசரத்தது. ரோசா இலையைக் கொட்டிவிட்டு முள்ளோடு நின்றது. வேலியோரம் ஊதா நிறத்தில் ஆஸ்டர் என்ற ஒன்று மட்டும், ஊரோடு ஒத்துப்போகத் தெரியாத ஆள்மாதிரி, அப்போதுதான் பூக்கத் தொடங்கியது. தட்டில் ஒரு பிடி ஆஸ்டர். பிறகு நாலைந்து. அவள் அதைச் சாமிக்கு வைத்துவிட்டு ஜன்னலால் வளவைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதுதான் எனக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் மட்டும் நீளமாகிக்கொண்டே போனது. படியில் நின்று காது கொடுத்தால், "ஓம் அண்ணை... யோசிப்பம் அண்ணை..." என்று கேட்கும். விழுகிற ஒவ்வொரு இலையும் எனக்கு ரொறன்ரோ ரிக்கற்.

தாவரவியல் வாத்தியாருக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்! தெருவில் நிற்கிற மரம் இலை கொட்டினால் அது பாடப்புத்தகம். வேலைக்குப் போகிறபோது வருஷா வருஷம் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் இது என் வளவு. என் கை பட்டது. ஊரில் ஐப்பசி மழை விழ வளவெல்லாம் கிளம்பும். இங்கே அதே ஐப்பசியில் நான் தொட்டதெல்லாம் படுக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்? மூளை இலையுதிர்காலம் என்றது. கை, 'டேய், தண்ணி ஊத்தடா' என்றது. நான் கையின் பேச்சைக் கேட்டேன்.

ஷிப்ட் முடிந்து வந்து பின்னேரம் பின்னேரம் தண்ணீர் ஊற்றினேன். மழை தூறுகிற நாளிலும் ஊற்றினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒருநாள் குடையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நான் மழைக்குள் பூவாளியோடு நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நல்ல மனிசன், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தண்ணீர் உதவவில்லை. அடுத்தது பசளை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த பசளை எது? மீன் கழுவின தண்ணி. லூயிஷாம் சந்தையில் மீன் வாங்கி, கழுவின தண்ணியை ரோசாவுக்கு ஊற்றி, தலைகளையும் குடலையும் பியோனியின் அடியில் கிடங்கு கிண்டித் தாட்டேன். தோடைக்கும் முருங்கைக்கும் செய்தால் கொழுத்து வளரும், பியோனி மட்டும் என்ன ராணி வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தேன். மற்ற நாள் காலமை பார்த்தால் பாத்தி முழுக்க உழுது கிடக்கிறது! பியோனியின் கிழங்கு பாதி வெளியே. லண்டன் நரி. நரி என்றால் காட்டில் ஊளையிடுகிற சாதி என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்? இங்கே அது குப்பைத்தொட்டி பார்த்து, தெரு கடந்து, வீட்டுக்கு வீடு போய்ச் சாப்பிடுகிறது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்ரிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே மீன்தலை. தன் புல்லில் கிடந்ததாம், இது உங்களுடையதோ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். நான் அந்த மீனின் கண்ணையே பார்த்து, முன்பின் தெரியாது என்றேன்.

"வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்ட கதை," என்றாள் மனைவி, குசினி வாசலில் நின்று. சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு மாமி நினைவுக்கு வந்தா. கோயிலில் பழக்கமானவ. ஆவணி மாதம் தேத்தண்ணிக்கு வந்து, வளவைப் பார்த்து, "என்ன பிள்ளையள், லண்டனிலையும் நந்தவனம் வைச்சிருக்கிறியள்! எனக்கெண்டால் ஒரு புல்லும் முளைக்காது" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனவ. அந்தப் பெருமூச்சு! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து ஹைட்ரேஞ்சியாவைச் சுற்றிக் காஸ் அடுப்பில் போட்டேன். வீடு முழுக்கக் காறல். இருமி இருமி ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டோம். நாவூறு போகவில்லை. வீட்டுச் சூடுதான் போனது.

ஆகவே வெருளி. புது வீடு கட்டினாலும் தோட்டம் செய்தாலும், கண் படுகிறவர்களின் கண் முதலில் அதில் படட்டும் என்று எங்கள் பக்கத்தில் பழைய உடுப்பில் ஆள்மாதிரிக் கட்டி நிறுத்துவார்கள். வைக்கோலுக்கு எங்கே போவது? வளவில் கொட்டிக் கிடந்த சருகையே காய வைத்து அடைத்தேன். தலைக்கு ஒரு தலையணை உறை. மார்க்கர் பேனையால் மீசை. கால்சட்டை என்னுடைய பழையது. மேலுக்கு மச்சான் கனடாவிலிருந்து அனுப்பியிருந்த சேட்டு. சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட, போர்வைபோல மொத்தமான சேட்டு. பின்னேரங்களில் வளவுக்குள் நிற்க நான் அதைத்தான் போடுவேன். வேறு உடுப்பில்லையா என்றால் இருந்தது, எல்லாம் வேலைக்குப் போடுகிறவை. அதோடு, உண்மையைச் சொன்னால், மச்சானைக் கழுவில் ஏற்றினதுபோல ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது.

அன்று பின்னேரம் நான் கடைக்குப் போய்விட்டு முன்வாசலால் வருகிறேன். மனைவி பின்கதவில் நிற்கிறாள். "இஞ்சேருங்கோ, தேத்தண்ணி ஆறுது!" கொஞ்சம் பொறுத்து, "காது கேக்கேல்லையோ? அண்ணை ரெலிபோனிலை கதைச்சால் மட்டும் படி வரைக்கும் கேக்கும், என்ன?" வெருளி அசையவில்லை. "சரி, குளிருக்குள்ளை நிண்டு சாகுங்கோ!"

"நான் இஞ்சை நிக்கிறன்," என்றேன் அவளுக்குப் பின்னால்.

திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அதைப் பார்த்தாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. "உங்களுக்கென்ன விசரே? உந்தப் பேய்க்கோலத்தை ஏன் கட்டி வைச்சிருக்கிறியள்?" நாவூறுக்கு என்றேன். "நல்ல வடிவான ஆள்தான். உங்களைவிட அடக்கம். நான் ஏசினால் திருப்பிக் கதைக்கேல்லை." அதற்குப் பிறகு ஒவ்வொரு காலமையும் மிஞ்சியிருந்த ஆஸ்டரைக் கிள்ளப் போகிறபோது அதோடு இரண்டு சொல் கதைப்பாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். அவள் என் பெயரைச் சொல்லமாட்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அது வழக்கம், புருஷன் பெயர் சொல்லக்கூடாது. டொக்டரிடம் பதியப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவள் கணவன் பெயரென்ன என்று கேட்க, இவள் என்னைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கோ என்று கண்காட்டினாள். அந்த வெள்ளைக்காரி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். இவளுக்குப் புருஷனின் பெயரே தெரியாது என்று நினைத்திருப்பாள்.

கார்த்திகை பிறக்க முதல் ஒரு சனிக்கிழமை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் கதவைத் தட்டினார்கள், பின்னால் தகப்பன். உங்கள் பொம்மை மிகவும் நன்றாக இருக்கிறது, எங்கள் நெருப்புக்குத் தருவீர்களா என்று கேட்டார்கள். முந்தியொரு காலத்தில் பார்லிமென்றைத் தகர்க்கப் பார்த்த ஒருவனை நினைத்து இந்த நாட்டில் பழைய உடுப்பில் பொம்மை செய்து கொளுத்துவார்கள் என்பதை எங்கேயோ அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். நான் அதற்காகத்தான் கட்டியிருக்கிறேன் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. நாவூறு பட்டதை நெருப்பில் போடுவதுதானே முறை? வெள்ளைக்காரனே வந்து கேட்டு வாங்கிக் கொளுத்தித் தருகிறான் என்றால் யோகம்தான். தாராளமாக எடுங்கள் என்று தூக்கிக் கொடுத்தேன். மனைவி மேலே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். சொல்ல மறந்துபோனேன். வெடி கொளுத்துவார்கள் என்பதையும் சொல்ல மறந்துபோனேன். எனக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது. அவளுக்கு இந்த நாட்டில் இது முதல் ஐப்பசி என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இருட்டின கையோடு பக்கத்து வளவில் விறகு அடுக்கி, மேலே வெருளியை இருத்தினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போய் நெருப்புக்கு அந்தப் பக்கம் நின்றேன். சருகு கொஞ்சம் ஈரம், தகப்பன் மண்ணெண்ணெய் ஊற்றினார். பற்றியது. அதே நேரம் தெருவெல்லாம் படார் படார் என்று வெடிக்கத் தொடங்கியது.

பிறகுதான் அவள் சொல்லி அறிந்தேன். முதல் வெடிக்கே குசினி லைற்றை நிற்பாட்டிவிட்டுப் படிக்குக் கீழேயிருக்கிற அலுமாரிக்குள் போய்க் குந்திவிட்டாளாம். காதைப் பொத்திக்கொண்டு. பிறகு, இந்த மனிசன் வளவுக்குள் அல்லவா நிற்கும் என்று நினைவு வந்து, செருப்பும் இல்லாமல் வெளியே ஓடி வந்திருக்கிறாள். ஹைட்ரேஞ்சியாவுக்குப் பக்கத்தில், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில், என்னைக் காணவில்லை. அந்தப் பதற்றத்தில் வெருளியின் நினைவே வரவில்லையாம். வேலிக்கு மேலால் பார்த்தால் அந்தச் சிவப்புக் கட்டச் சேட்டு. கையிரண்டையும் விரித்தபடி, நெருப்புக்குள்.

நான் கேட்டது என் பெயரை.

முதலில் ஆர் கூப்பிடுகிறது என்றே விளங்கவில்லை. அந்தக் குரலில் என் பெயரை நான் கேட்டதேயில்லை. முழுப் பெயரும், திருப்பித் திருப்பி, வெடிச் சத்தத்துக்கு மேலால். வேலியில் ஒரு காலைத் தூக்கி வைத்து ஏறிக்கொண்டிருந்தாள். நான் நெருப்பைச் சுற்றி ஓடினேன். "இஞ்சை நிக்கிறன்! நான் இஞ்சை நிக்கிறன்! அது வெருளியப்பா!" வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையாலும் என் நெஞ்சில் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது, இரண்டையும் பிரிக்க ஏலவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. மிச்ச வெடிப்பெட்டியை மூடி உள்ளே கொண்டுபோய்விட்டார். பிள்ளைகளும் அவருக்குப் பின்னாலேயே போனார்கள்.

குசினிக் கதிரையில் அவளை இருத்தி, சேறும் சருகும் ஒட்டியிருந்த காலைச் சுடுதண்ணீரில் கழுவிவிட்டேன். பேச்சு அவ்வளவும் வாங்கினேன். "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? அறிவில்லையோ? படிப்பிச்ச வாத்தியாராம்!" எல்லாம் முடிய, வளவு பட்டுப்போனால் நீர் கனடா போய்விடுவீர் என்றுதான் இவ்வளவு கூத்தும் ஆடினேன் என்று சொன்னேன். அவள் துவாயை வாங்கிக் காலைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"நான் வந்தது தை மாசம். எல்லா மரமும் மொட்டையாத்தானே நிண்டது? பிறகு துளிர்க்கேல்லையோ? அது எனக்குத் தெரியாதோ? உங்களுக்குத்தான் தெரியேல்லை."

செடிகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பங்குனியில் பியோனி நரி கிண்டின மண்ணுக்குள்ளாலேயே சிவந்த மூக்கை நீட்டியது. தொண்ணூறுகளில் வேலியோரத்தையே பிடித்துவிட்டது. மீன்தலையால்தான் என்று நான் சொல்வேன், ஒருவரும் நம்புவதில்லை. ஆனால் அதெல்லாம் பிறகு. என்னுடைய வழக்கு அந்த ஞாயிறே தீர்ந்துவிட்டது. ரெலிபோன் அடித்தது. நான் வழக்கம்போலப் படியில் நின்றேன். அண்ணை என்ன கேட்டாரோ, அவள் என்னைப் பார்த்து, வாயை மூடிக் கொடுப்புக்குள் சிரித்தாள்.

"ஓம் அண்ணை, சேட்டு நல்ல அளவு. போட்டு முடிச்சுப்போட்டார்... இல்லை அண்ணை, நாங்கள் வரேல்லை. சேட்டு மட்டும் இன்னொண்டு அனுப்புங்கோ. வாற வருஷமும் வெருளி கட்டவேணும்."